வாசித்ததைச் சொல்ல ஒரு மூலை தாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் நூல் வெளியீட்டுச் செய்திகள் வாரம் தவறாமல் வருகின்றன. யார் தலைமை தாங்கினார், யார் முதற்பிரதி பெற்றார் எல்லாம் இருக்கும். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் வீட்டில் இருந்து வாசித்தவர் என்ன சொன்னார் என்பது மட்டும் வருவதில்லை. அதற்கு ஒரு சின்ன இடம் கேட்டே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வாசிகசாலை மேசையில் கயிறு கட்டிய சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டைக் கொப்பி ஒன்று கிடந்தது. புத்தகத்தைத் திருப்பித் தருபவர்கள் அதில் இரண்டு வரி எழுதுவார்கள், பெயர் போடமாட்டார்கள். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பற்றி யாரோ எழுதியிருந்தது இன்றும் மனதில் நிற்கிறது: "மண்ணெண்ணெய் முடிஞ்சுது, கதை முடியேல்லை." யுத்தத்தில் மண்ணெண்ணெய் அரிதான அந்த நாட்களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு அதன் பொருள் விளங்கும். அந்த வரிக்காகவே எடுத்தேன். வாடைக் காலத்தில் தொழிலுக்காக நெடுந்தீவுக் கரைக்கு வந்து கூடும் மீனவரின் கதை. தீவுப் பக்கம் போக வழியில்லாத நாட்கள் அவை. பல வருடம் கழித்துக் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஏறியபோது, தெரிந்த ஊருக்குப் போகிற மாதிரித்தான் இருந்தது.

1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு அந்தக் கொப்பியும் போய்விட்டது. பழைய ஈழத்து நூல்கள் இப்போது 'நூலகம்' இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய தொண்டு அது. ஆனால் எதைத் தேடுவது என்று இன்னொரு வாசகர் சொன்னால்தானே தெரியும்?

எழுதுபவர்கள் கதைச் சுருக்கம் தரவேண்டாம். நண்பர் எழுதிய நூல் என்றால் தயவுசெய்து விட்டுவிடட்டும். எங்கே இருந்து வாசித்தோம், எந்த இடத்தில் நிறுத்தினோம், யாருக்குக் கொடுத்தோம், அது போதும்.

முதல் வாரத்துக்கு என்னுடையது: 'சொல்லாத சேதிகள்', 1986 இல் வந்த ஈழத்துப் பெண் கவிஞர்களின் தொகுப்பு. மகள் உயர்தரம் (ஏ.எல்.) படித்த காலத்தில் ஒரு பின்னேரம் குசினி வாசலில் இருந்து சத்தமாக வாசித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அதைத் திரும்ப ஒருக்கா வாசி பிள்ளை" என்றார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.