வசந்திக்கு, அந்த மாத்திரையைப் பத்தி

அன்புள்ள வசந்தி,

எப்பவும் இன்லேண்ட் லெட்டர்ல கையால எழுதித்தான் உனக்கு அனுப்புவேன், இந்தத் தடவை போன்ல டைப் பண்றேன், கை நடுக்கம் கொஞ்சம் கூடிருச்சு, நான் எழுதுனத எனக்கே படிக்க முடியல. அந்த நடுக்கத்துக்கும் நீ கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு, வாரேன்.

உன் வாய்ஸ் மெசேஜ நாலு தடவை கேட்டேன் டி. பாப்பாவுக்கு பைபோலார்னு, அதான் மனசு ஒரேயடியா ஏறி அப்புறம் ஒரேயடியா இறங்குற நோயின்னு சொல்லி டாக்டர் லித்தியம் எழுதிக் குடுத்து பத்து நாளாச்சு, சீட்டு உன் ஹேண்ட்பேக்லயே கிடக்கு. கிட்னி போயிரும்னு ஒருத்தர், ஆளு மந்தமாயிருவான்னு ஒருத்தர், விஷயம் வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்னு உங்க அத்தை. "நீ பதினஞ்சு வருஷமா சாப்பிடுற, நல்லதா கெட்டதா சொல்லு"ன்னு அழுத. ஒரு வார்த்தைல சொல்ல முடிஞ்சா அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லியிருப்பேன்.

மொதல்ல அது என்ன எடுத்துக்கிச்சுன்னு சொல்றேன். தைராய்டு மூணாவது வருஷமே கொறஞ்சுது, இப்ப தினமும் காலைல வெறும் வயித்துல தைராக்ஸின். வெயிட் பதினொரு கிலோ ஏறுச்சு. தாகம், ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம். கை நடுக்கத்துல புள்ளிக்கோலம் போடுறத விட்டேன், மார்கழில எதுத்த வீட்டுப் பொண்ணு வந்து போட்டுட்டுப் போகுது, அதப் பாக்கும்போது இன்னிக்கும் வலிக்கும். இப்ப புதுசா ஒண்ணு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் 0.8ல இருந்தது போன மாசம் 1.2க்கு வந்திருக்கு. டாக்டர் டோஸ 900ல இருந்து 600 மில்லிகிராமுக்குக் கொறச்சு, ராத்திரி ஒரே வேளையா குடுத்திருக்காரு, மூணு மாசம் பாத்துட்டு வேற மருந்துக்கு மாறணுமான்னு முடிவு பண்ணலாம்னாரு. அதனால நான் ஏதோ கரை சேந்தவ மாதிரி உனக்குச் சொல்லலடி, நானும் இப்ப அதே கணக்கத்தான் போட்டுட்டு இருக்கேன்.

ஆனா அந்தக் கணக்குல இன்னொரு பக்கம் இருக்கு, உன்கிட்ட பேசுன யாரும் அத எழுதல. நோயி என்ன எடுத்துக்கும்ங்கிற பக்கம்.

2010ல எனக்கு வந்தப்ப நீ கோயமுத்தூருக்குப் போயிட்ட, முழுசா உனக்குத் தெரியாது. ஒம்பது ராத்திரி தூங்கல. தூக்கம் வரலேங்கிறதில்ல, வேண்டாம்னு இருந்துச்சு, உடம்பெல்லாம் வெளக்கேத்தி வச்ச மாதிரி. தாலிச் செயின அடகு வச்சு டவுன்ல ஒரு கடைய வாடகைக்குப் பிடிச்சேன், பாட்டுக் கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன்னு மூணு வீணைக்கு அட்வான்ஸ் குடுத்தேன், எனக்கு வீணை வாசிக்கவே தெரியாது. அப்புறம் அது அப்படியே கீழ இறங்கி ஏழு மாசம் படுக்கை. மூணு வயசுப் பிள்ள சீப்பக் கைல வச்சுக்கிட்டு கட்டில் பக்கத்துல நிக்கும், தலை சீவி விட எனக்குக் கை எந்திரிக்காது. சாகணும்னு நெனச்ச நாள் ஒண்ணு ரெண்டு இல்ல. லித்தியத்தத் தவிர தற்கொலை அபாயத்த இவ்வளவு தெளிவா கொறைக்கிற மருந்து இந்த நோய்க்கு ரொம்ப இல்லன்னு டாக்டர் பிறகு சொன்னாரு. நான் உயிரோட இருக்குறதால அந்தப் பேச்ச நம்புறேன்.

நாலு வருஷம் நல்லா இருந்தேன். நல்லா இருக்கோமே, இன்னும் எதுக்கு மாத்திரைன்னு 2014ல நானே நிறுத்துனேன், யார்கிட்டயும் சொல்லல. அஞ்சே வாரம். அப்ப பிள்ள ரெண்டாங்கிளாஸ். வீட்டுக்காரர் என்ன சொல்லி வச்சாரோ, அது என் பர்ஸையும் பீரோ சாவியையும் எடுத்து தன் ஸ்கூல் பேக்குக்குள்ள போட்டு தெனம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போயிருக்கு, அம்மா எங்கயும் போயிரக் கூடாதுன்னு. ஏழு வயசுல. கிட்னி ரிப்போர்ட்டக் கைல வச்சுக்கிட்டு யோசிக்கும்போது எனக்கு அந்த ஸ்கூல் பேக்தான் ஞாபகம் வருது.

சும்மா பயமுறுத்தல, பாப்பாவுக்கு இதே மாதிரிதான் ஆகும்னும் சொல்லல. லித்தியம் ஒத்துக்காதவங்க இருக்காங்க, சிலருக்கு அது வேலையே செய்யாது. ஆனா ஆரம்பிச்சா திடீர்னு நிறுத்தக் கூடாது, நிறுத்துறதுன்னா டாக்டர் வச்சு மெதுவா. திடீர்னு நிறுத்துனா நோய் சீக்கிரம் திரும்பி வரும்.

பிறகு அளவு. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுது. 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்னு ஒரு டாக்டர்தான் மேனியாவுக்கு, அதான் அந்த ஏத்தத்துக்கு, லித்தியம்ங்கிற உப்பு கேக்கும்னு எழுதுனாரு, மொதல்ல கினி பிக்னு எலி மாதிரி ஒரு பிராணிக்கு ஊசி போட்டுப் பாத்து, பெறகு தானே சாப்பிட்டுப் பாத்துட்டுத்தான் நோயாளிக்குக் குடுத்திருக்காரு. அவரோட மொத நோயாளி வருஷக்கணக்கா வார்டுலயே கிடந்தவரு, அது கேட்டு வீட்டுக்குப் போயி வேலைக்கும் போனாரு. அப்புறம் மாத்திரைய விட்டாரு, நோய் திரும்புச்சு, மறுபடி ஆரம்பிச்சாங்க, கடைசில 1950ல லித்தியம் விஷமாகியே செத்துப் போனாரு. ஒரே மனுஷன் டி. அவர மீட்டதும் அதே உப்பு, கொன்னதும் அதே உப்பு. அப்ப ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாத்துப் பாத்துக் குடுக்குற பழக்கம் வரல. இப்ப நமக்கு அது இருக்கு. சாதாரணமா ரத்தத்துல லித்தியம் 0.6ல இருந்து 1.0க்குள்ள (ரிப்போர்ட்ல mmol/Lனு இருக்கும்) வைப்பாங்க, 1.5 தாண்டுனா ஆபத்து. ராத்திரி மாத்திரை போட்டு பன்னெண்டு மணி நேரம் கழிச்சு காலைல ரத்தம் குடுக்கணும், காலை வேளை மாத்திரை இருந்தா ரத்தம் குடுத்த பெறகுதான் அத முழுங்கணும்.

இத நான் கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். 2019 மே மாசம், முழங்கால் வலின்னு ஒரு எலும்பு டாக்டர்கிட்ட போனேன், டைக்ளோஃபெனாக் எழுதுனாரு, வேற என்ன மருந்து சாப்பிடுறன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. மனநல மாத்திரைன்னு வாயத் தொறக்க வெக்கம். ஆறாம் நாள் வயித்துப்போக்கு, பேச்சு குழறுது, நடந்தா சாயுறேன், டம்ளரப் பிடிக்க முடியல. டெஸ்ட் பண்ணா 1.9. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தி தேறுனேன். அந்த வலி மாத்திரை லித்தியத்த உடம்ப விட்டு வெளிய போக விடாதாம். ஐபுப்ரோஃபென் கூட அப்படித்தான். சில பிபி மாத்திரையும். திடீர்னு சாப்பாட்டுல உப்பக் கொறச்சாலும், வெயில்ல வேர்த்து தண்ணி கொறஞ்சாலும் அளவு ஏறும். உங்க அத்தை பாப்பாவ திருச்செந்தூர் பாதயாத்திரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றாங்கல்ல, போகட்டும், சாமிய நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா வெறும் வயித்துல தண்ணி குடிக்காம வெயில்ல நடக்கக் கூடாது, அவங்ககிட்டயே வெளிப்படையா சொல்லிரு.

கல்யாணத்தப் பத்தி. பாப்பா கொழந்தை பெத்துக்கப் போறவ, அதனால டாக்டர்கிட்ட இப்பவே கேளு. வேற மருந்துன்னு வால்ப்ரோயேட் எழுதுனா கண்டிப்பா கேளு, கர்ப்பத்துல அது சிசுவுக்கு ரொம்பக் கெடுதல், பத்துல ஒரு கொழந்தைக்கு பொறவிக் கோளாறு வர அளவுக்கு, அதுக்கு மேல புத்தி வளர்ச்சிலயும் பாதிப்பு. லித்தியத்துல இதயக் கோளாறு அபாயம் கொஞ்சம் உண்டு, ஆனா அது அந்த அளவு இல்ல, டோஸ் பாத்து ஸ்கேன் பாத்து சமாளிக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு தாலி கட்டுற வாரம் மாத்திரைய நிறுத்துற வேலைய மட்டும் தயவுசெஞ்சு செய்யாத. எங்க பெரியம்மா பேத்திக்கு அப்படித்தான் நிறுத்தினாங்க, மூணாம் மாசம் அந்தப் பிள்ளைய பொறந்த வீட்டுல கொண்டாந்து விட்டுட்டாங்க. மறைக்கிறதுக்குப் பதிலா சொல்லிட்டு ஒரு வரன் போறது எவ்வளவோ மேல்.

வசந்தி, ஒண்ணு கோவிச்சுக்காத. சீட்டு உன் பையில கிடக்குன்னு சொன்னியே, அது அவ சீட்டு. அவளுக்கு 23 வயசு, இப்ப ஓரளவு தெளிவாத்தான் இருக்கான்னு நீயே சொல்ற. அவகிட்ட நீ கேக்கவே இல்ல. என்கிட்டயும் 2010ல யாரும் கேக்கல, பால்ல கலந்து குடுத்தாங்க, அது தெரிஞ்ச அன்னிக்கு வந்த கோவத்துலதான் பாதி நிறுத்துனேன்னு இப்ப தோணுது. நாளைக்கே அந்தச் சீட்ட அவ கைல குடுத்து, கிரியேட்டினின், தைராய்டு, கால்சியம் மூணும் டெஸ்ட் எடுத்துட்டு ரெண்டு பேருமா டாக்டரப் போய்ப் பாருங்க. நடுராத்திரில பயமா இருந்தா 14416க்கு அடி, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், டெலிமானஸ்னு பேரு, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இல்லைன்னா எனக்கு அடி, தூங்கிட்டு இருப்பேனோன்னு பாக்காத.

இங்க வேற சேதி என்னன்னா, சீப்ப வச்சுக்கிட்டு நின்னது இப்ப காலேஜ் மொத வருஷம், ஹாஸ்டல்ல இருக்கு. வீட்டுக்காரருக்கு சுகர் கட்டுல இருக்கு. முருங்கை இந்த வருஷம் காச்சுத் தள்ளுது, யாராவது அந்தப் பக்கம் வந்தா குடுத்து விடுறேன்.

பாப்பாவ என்கிட்ட பேசச் சொல்லு. வீடியோ கால்ல வரட்டும், என் கை நடுங்குறத அவளே பாக்கட்டும், என்ன வேணும்னாலும் கேக்கட்டும். நீ அப்ப பக்கத்துல இருக்க வேண்டாம்.

உன்
செல்வி