முதல் கரண்டிக் கஞ்சிக்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29, உலக பக்கவாத நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகிய அடையாளங்களையும், நாலரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டிய அவசரத்தையும் எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் மருத்துவமனையில் சேர்த்த பிறகு நோயாளியின் வாயில் எதை, எப்போது வைக்கலாம் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் அப்பாவை நான் இழக்க இருந்தது அந்த இடத்தில்தான்.

அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. 71 வயதில், விடியற்காலையில் தோட்டத்துக்குப் புறப்பட்டவர் முற்றத்திலேயே விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தது. மறுநாள் கண் திறந்து, குழறலாக, “மக்களே, தண்ணீர்” என்றார். பிள்ளையை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொடுக்க வேண்டாம் என்று அந்த வார்டில் யாரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். அவர் ஒருமுறைகூட இருமவில்லை. நன்றாக இறங்குகிறதே என்று மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் மூச்சுத்திணறல். நிமோனியா என்றார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நான் ஊட்டியதில் ஒரு பங்கு மூச்சுக்குழல் வழியே நுரையீரலில் இறங்கியிருக்கிறது.

சாப்பிடும்போது புரை ஏறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். புரை ஏறி இருமுவது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. வழி தவறிய பருக்கையையோ தண்ணீரையோ மூச்சுக்குழல் இருமி வெளியே தள்ளுகிறது. விழுங்கும் ஒரு நொடியில் 30-க்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்கின்றன. குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்கிறது. உணவு அதைத் தாண்டிப் போகிறது. பக்கவாதம் இந்த வரிசையைக் குலைத்துவிடும். தொண்டையின் உணர்வும் மங்கிப்போனால் இருமல்கூட வராது. என் அப்பாவுக்கு வராமல் போனது அதனால்தான். இருமவில்லை என்பதால் சரியாக விழுங்குகிறார் என்று நினைத்துவிடக் கூடாது என்பதை நம் ஊரில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்று பார்த்து, தேக்கரண்டி அளவில் தண்ணீர் கொடுத்துத் தொடங்கி, பிறகு 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். குடிக்கும்போதோ, குடித்த ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமல் வந்தால், அல்லது குரல் தண்ணீர் கலந்ததுபோல் களகளத்தால், வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் நிபுணரை அழைக்க வேண்டும். இந்தச் சோதனை பற்றிய ஆய்வு 1992-லேயே வெளிவந்துவிட்டது. சத்தமில்லாமல் புரையேறுபவர்களில் சிலர் இதிலும் தப்பிவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் சோதனையே இல்லாமல் கஞ்சி ஊட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைப் பிறகு படித்தேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்தது. புதிய மருந்து எதையும் அவர்கள் கொடுத்துப் பார்க்கவில்லை. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்களே ஒழுங்காகக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, அப்படிக் கவனித்த பிரிவுகளில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாமல் போனவர்களும் சேர்ந்து 42 சதவீதம். மற்ற பிரிவுகளில் 58 சதவீதம். செவிலியர் பயிற்சிக்குப் பெயர்பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் செய்ய முடியாதா?

அப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இப்படித்தான் என்று உறவினர்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். பக்கத்து ஊர் செவிலியர் ஒருவர் சொன்னதால் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த கூழையும் நீரையும் விழுங்கச் சொல்லி, எக்ஸ்ரேயில் படமாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்தவர் அமெரிக்கப் பேராசிரியை ஜெரி லோகமன். மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையைப் பார்க்கும் இன்னொரு முறையும் 1988 முதல் இருக்கிறது. திரையில் நானும் பார்த்தேன். கறுப்புக் கோடாக இறங்கிய பேரியம் குரல்வளைக்குள் நழுவியது. அப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தார். நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கச் சொன்னபோது அதே பேரியம் சரியான வழியில் போனது. இது எல்லோருக்கும் பொருந்தாதாம். தொண்டைக்குழியில் உணவு தேங்குபவர்களுக்கு நாடியைத் தாழ்த்துவதே ஆபத்தாகலாம். பார்க்காமல் பயிற்சி சொல்லக்கூடாது என்று அந்தப் பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் அழுத்திச் சொன்னார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி: “வீட்டில் என்ன சாப்பிடுவார்?” கஞ்சி என்றேன். நோயாளிக்குக் கஞ்சியைவிட இதமானது எது என்று நினைத்திருந்தேன். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நம் கஞ்சிதான் மிகக் கடினமான உணவுகளில் ஒன்று என்றார். தண்ணீரும் பருக்கையும் ஒரே கரண்டியில் வருகின்றன. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தொண்டைக்கு ஓடிவிடும், குரல்வளை அப்போது மூடியிருக்காது. பயறும் சேர்ந்தால் இன்னும் மோசம். மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கோ உதிர்ந்து வாயெங்கும் ஒட்டும். பருக்கை தெரியாமல் அரைத்துக் குழைத்த கஞ்சி வேறு, நாம் குடிக்கும் கஞ்சி வேறு. எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழத்தை நன்றாக மசித்துக் கொடுத்துத் தொடங்கினோம். குழந்தைக்கு ஊட்டும் அதே பழம்.

கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். கொடுக்கலாம், ஆனால் மாவுச்சத்தால் தடித்த திரவம் உமிழ்நீர் பட்டால் நீர்த்துவிடும், எச்சில் கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விடக்கூடாது என்று பதில் வந்தது. தடிமனைப் பார்க்க ஒரு எளிய வழியும் சொல்லித்தந்தார். 10 மில்லி சிரிஞ்சில் அந்தத் திரவத்தை நிரப்பி, பத்து நொடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கும் சர்வதேச அளவுமுறையில் இது ஒரு பகுதி. எல்லா சிரிஞ்சும் ஆகாது. 0 முதல் 10 மில்லி வரையுள்ள அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அடுக்களையில் அளவுகோலை வைத்து சிரிஞ்சை அளந்தது எனக்கு நினைவிருக்கிறது.

தடித்த திரவம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நினைக்க வேண்டாம். மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ இரண்டுமோ உள்ள 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2008-இல் வெளிவந்தது. நாடியைத் தாழ்த்திக் குடித்தவர்களுக்கும் தடித்த திரவம் குடித்தவர்களுக்கும் நிமோனியா வருவதில் தெளிவான வேறுபாடு இல்லை. உடலில் நீர் வற்றுவதோ தடித்த திரவம் குடித்தவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது.

வாய்ச் சுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் போட்ட பிறகு அப்பாவுக்குப் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டோம், வாயால் சாப்பிடவில்லையே என்று. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு நடந்த ஆய்வில், வாயைத் தினமும் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கும் நிமோனியா வந்தது. ஒரு பிரஷ், கொஞ்சம் பொறுமை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்பாவின் விழுங்கும் பயிற்சி நான்கு மாதம் நீண்டது. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் பத்து நொடிகூட முடியவில்லை. “மரம் ஏறச் சொன்னால் ஏறிவிடுவேன்” என்று சலித்துக்கொண்டார். முழு பலத்தோடு எச்சிலை விழுங்கும் பயிற்சியும் இருந்தது. மூக்கிலிருந்து குழாயை எடுத்த அன்று அப்பா கேட்டது மீன்குழம்பு. முள் நீக்கி, மசித்து, சோற்றில் குழைத்துக் கொடுத்தோம்.

எங்களிடம் கார் வாடகைக்குப் பணம் இருந்தது, சொல்லித்தர ஒருவர் கிடைத்தார். குலசேகரத்து மலையோரத்திலும் குளச்சல் கடற்கரையிலும் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, தனியாகக் கிடக்கும் முதியவருக்கு யார் சொல்வது? ஆகவே தங்கள் இதழ் வழியாகக் கேட்கிறேன். பக்கவாத நோயாளி யாராக இருந்தாலும், அரசு மருத்துவமனையோ தனியாரோ, வாயில் முதல் சொட்டு வைக்கும் முன் செவிலியர் தண்ணீர்ச் சோதனை செய்து நோயாளிக் குறிப்பில் எழுத வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. விழுங்கும் பயிற்சியையும் அதில் சேர்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி நம் கஞ்சி, கிழங்கு, மட்டிப்பழம், கூவை மாவு எல்லாவற்றையும் அந்த எட்டுப் படிகளில் எங்கே வைப்பது என்று சோதித்து, தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டு வார்டு சுவரில் ஒட்டினால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

அடுத்த கட்டுரையில் இதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.