தலைவர் கடைசியில் பேசட்டும்

கிளிநொச்சி,
பங்குனி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் உன்னை மீனவர் சங்கத் தலைவராக்கிவிட்டார்கள் என்று வாசித்ததும் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொன்ன வாத்தியாருக்குப் பயந்து, தன் பெயரையே முதலில் எழுதிய வகுப்புத் தலைவன் அல்லவா நீ!

இங்கே எல்லோரும் நலம். காலபோக அறுவடை முடிந்தது. வழக்கம்போல நாங்கள் வெட்டத் தொடங்கியதும் நெல் விலை இறங்கியது. அதைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும். மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறாள். விடுமுறையில் அவள் கொண்டுவந்த பாடக்குறிப்புகளை நானும் எடுத்து வாசித்தேன். அது நல்லதாய்ப் போயிற்று. "கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, வாசலைத் தாண்டியதும் வெளுத்து வாங்குகிறார்கள், என்ன செய்ய?" என்று நீ கேட்டிருந்தாய். அதற்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

எங்கள் வாய்க்காலிலும் இதே கதைதான். கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை மாவட்டச் செயலாளர் தலைமையில் நடக்கும் கூட்டத்தில், இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாது என்பதால், கிடைத்த ஏக்கரைப் பங்கு போடும் தலையிடி கமக்காரர் அமைப்புகளுக்கு வந்து சேரும். எங்கள் தலைவர் நேர்மையான மனிதர், கடும் உழைப்பாளி. நீர்ப்பாசன அதிகாரிகளின் தொலைபேசி இலக்கங்கள் அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன. தண்ணீர் விடும் துருசு எப்போது திறக்கும், எப்போது பூட்டும், எல்லாம் அவர் வாயால் வர வேண்டும். வாய்க்காலின் கடைசி வயலில் தண்ணீர் ஏறவில்லை என்பதும் அவர் காதுக்குப் போனால்தான் மேலே போகும். கடைசி வயல்காரருக்கோ அவரைப் பிடிப்பதே பெரும்பாடு.

எல்லாச் செய்தியும் ஒருவர் வழியாகவே போகும் இப்படியான ஏற்பாட்டை ஆராய்ந்தவர் ஹரல்ட் லெவிற் என்ற அமெரிக்க உளவியலாளர். 1951இல் வெளியான ஆய்வு அது. ஐந்து பேரைத் தடுப்பு வைத்த மேசையைச் சுற்றி இருத்தி, ஒவ்வொருவரிடமும் சில குறிகள் உள்ள அட்டையைக் கொடுத்தார். ஐவரிடமும் பொதுவாக உள்ள குறியைத் துண்டுக் கடிதம் அனுப்பியே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழுவில் எல்லாக் கடிதமும் நடுவில் இருப்பவர் வழியாகவே போகலாம். இன்னொன்றில் வட்டமாக, ஒவ்வொருவரும் தன் இரு பக்கத்தாருக்கு மட்டும் எழுதலாம். நடுவில் ஒருவரை வைத்த குழு வேகமாக முடித்தது, பிழையும் குறைவு. வட்டக் குழு நிறையக் கடிதம் எழுதி, நிறையப் பிழையும் விட்டது. ஆனால் அந்த வேலையை விரும்பிச் செய்தவர்கள் வட்டத்தில் இருந்தவர்கள்தான். மற்றக் குழுவில் நடுவில் இருந்தவருக்கு மட்டும் மகிழ்ச்சி, ஓரத்தில் இருந்தவர்களுக்குச் சலிப்பு. எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது: உங்கள் தலைவர் யார் என்று பின்னர் கேட்டபோது, பெரும்பாலும் நடுவில் இருந்தவரைத்தான் சொன்னார்கள். அந்தக் கதிரையில் யாரை இருத்தியிருந்தாலும் அவரே தலைவர்! எங்கள் தலைவரிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எனக்குப் பட்டது இது. துருசு திறக்கும் நாளில் ஒருவர் குரல் போதும். பத்துப் பேர் பேசினால் வரம்பு உடையும். வயல் தண்ணீரைக் கவனித்த அந்தக் காலத்து வட்டவிதானையார் அப்படித்தான் நடத்தினார். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பதவி போனாலும் விதானையாரின் தொனி பல தலைவர்களிடம் இன்னும் தங்கியிருக்கிறது. பங்கு போடும் நாளில் அந்தத் தொனி உதவாது. யார் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தார், யாருடைய பங்கை யார் விதைக்கப் போகிறார் என்பதெல்லாம் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வட்ஸ்அப் குழு வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். அதிலும் தலைவரின் அறிவித்தல்கள், அதன்கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்!

கூட்டத்தை உண்மையில் காப்பாற்றுவது எங்கள் பொருளாளர் அக்கா. தேநீர் வரும்போது பின்வரிசைக்குப் போய், கணவனை இழந்து தனியே வயல் செய்யும் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு வருவார். பிறகு, "இவருக்கு ஒரு சொல் இருக்கிறது" என்று சபையில் எழுப்பிவிடுவார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் பேல்ஸ் என்பவர் சிறு குழுக்களின் பேச்சைக் கவனித்து, நல்ல யோசனை சொல்பவரும் எல்லோருக்கும் பிடித்தவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் என்று கண்டாராம். எங்கள் தலைவரையும் அக்காவையும் பார்த்த எவரும் அதை ஒத்துக்கொள்வார்கள். உன் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். பதவி இல்லாதவராகவும் இருக்கலாம். முதலில் அவரைத் தேடிப் பிடி.

அடுத்தது, உன் அபிப்பிராயத்தைக் கடைசியில் சொல். தலைவர் முதலில் "நான் இப்படி நினைக்கிறேன்" என்று தொடங்கினால், மற்றவர்களுக்கு ஆமாம் போடுவது ஒன்றுதான் மிச்சம். உனக்கு இது கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலை பற்றி உனக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். என்றாலும் ஒரு சங்கதி. பிரான்சு நாட்டு வேளாண் பொறியியலாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவர் பங்கும் தனியே இழுத்த பலத்தின் பாதியளவுக்கு இறங்கிவிட்டதாம். எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காதது ஒரு காரணம், மற்றவன் இழுப்பான் என்ற எண்ணம் இன்னொன்று. முதல் காரணத்துக்கு மருந்து, வலை இழுக்கும்போது நீங்கள் பாடும் அம்பாப் பாட்டு. இரண்டாவதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மீன் பங்கு ஒன்றே போதுமா, இல்லை, கள்ளமாக இழுப்பவனைக் கயிற்றிலேயே கண்டுகொள்வீர்களா?

இன்னொரு கேள்வியும் உண்டு. வலை இழுப்பை நடத்தும் மண்டாடி கணக்குத் தப்பிவிட்டார் என்று கயிற்றில் நிற்கும் ஒரு பொடியனுக்குத் தெரிந்தால், அவன் அதை யாரிடம், எப்படிச் சொல்வான்? சொல்ல வழி இருக்கிறதா? எங்கள் பங்குக் கூட்டத்துக்கு முன்னர் உன் பதில் வந்தால் எனக்கு உதவும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். மனைவி கருவாடு கேட்கிறாள். காசு வாங்குவதாக இருந்தால் மட்டும் எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்