லேகோஸுக்கு, அப்பாவிடமிருந்து

ஓயோ

மகளே,

நம்மை விட்டுப்போன தைவோவின் இரட்டைக்காக நான் செதுக்கி அனுப்பிய மரக் கெஹிந்தே பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று உன் தம்பிதான் சொன்னான். துணி சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறாயாம். இருக்கட்டும், பயணத் தூசி. ஆனால் அங்கேயே விட்டுவிடாதே.

குழந்தைக்கு எதற்குப் பெரிய பெண்ணின் உடம்பு என்று மாப்பிள்ளை கேட்டாராம். இறந்த இரட்டைக்குச் செய்யும் இபேஜியைக் குழந்தையாகச் செதுக்குவதில்லை என்று சொல். வளர்ந்தால் எப்படி நிற்பாளோ அப்படித்தான். பத்து அங்குல உயரத்தில் தலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு. ஓரி, அதாவது ஒருவரின் விதி, இருக்கிற இடம் அல்லவா. கன்னக் கீறல்கள் அவர் வீட்டாருடையவை, அவருடைய பெரியப்பாவிடம் கேட்டுத்தான் வெட்டினேன்.

மரம் இரே. பால் காய்வதற்குள் செதுக்கியது. நடுத்தண்டு உள்ளே வராதபடி கட்டையை நாலாகப் பிளந்து எடுத்த துண்டு. அதனால் தலையிலிருந்து அடிவரை வெடிக்காது. உங்கள் ஏசிக் காற்றில் மயிரிழை விரிசல் விழலாம். பசை வைத்து அடைக்காதே. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது விரிசல் மூட இடமில்லாமல் பக்கத்தில் பிளக்கும். தூக்கும்போது உடம்பைப் பிடி, முழங்கை ஒல்லி. பாதம் அதைவிட மோசம். ரேகை மேலிருந்து கீழே ஓடுகிறது, கால்விரல் எங்காவது இடித்தால் சில்லாகத் தெறிக்கும்.

தைவோவைக் குளிப்பாட்டும்போது இவளையும் எடு. தண்ணீரில் முக்காதே, சோப்பு கூடவே கூடாது. ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, ஓசுன் சிவப்புப் பொடி ஒரு சிட்டிகையைப் பனை எண்ணெய் இரண்டு சொட்டில் குழைத்து உடம்பில் தேய். கூந்தலுக்கு அது வேண்டாம், அங்கே நீலம்தான். எண்ணெய் கூடினால் கீறல்களில் அழுக்கு அடையும். அதைப் பல்குச்சியின் மென்ற முனையால் எடு, ஊசியால் நோண்டாதே. தைவோவுக்கு ஊட்டும் தட்டைப்பயறில் துளி எடுத்து உதட்டில் தொட்டுவிட்டு உடனே துடை, இல்லாவிட்டால் கரப்பான் பூச்சி வரும். தினமும் கையில் எடு. அலமாரியில் இருந்தால் யார் எடுப்பார்கள்?

தேய்க்கத் தேய்க்கக் கண்ணும் மூக்கும் மழுங்கும். அது பழுதில்லை. முகம் தேய்ந்த இபேஜியைப் பார்த்தாலே அந்த வீட்டுத் தாயைப் பற்றித் தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள், கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காலடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் வண்டு. மருந்து அடிக்காதே. பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே, ஒருநாள் போகட்டும். இல்லாவிட்டால் மேலெல்லாம் வியர்க்கும்.

சர்ச்சில் என்ன சொல்வார்களோ என்று உன் மாமியார் தயங்கலாம். இலா ஒராங்குன் ஊரில் 1970களிலேயே மரத்துக்குப் பதில் போட்டோ வைத்தார்கள். இருக்கிற பிள்ளையைப் படம் எடுத்து, அதையே ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை அச்சடித்தார்கள். மரம் வேண்டாமென்றால் அதையாவது செய். நான் கோபப்பட மாட்டேன். படுவேன், ஆனாலும் செய்.

இந்தப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைக்காரிகள் இப்போதும் நம் வாசலைத்தான் கேட்டு வருகிறார்கள். என் மகளுக்குச் செதுக்கும் நாள் வரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உளி நன்றாகத்தான் ஓடியது.

தைவோ இப்போது எத்தனை கிலோ? இரவில் எழுந்து தேடுகிறாளா? நீ சாப்பிடுகிறாயா? தம்பியிடம் சொல்லி அனுப்பாதே, நீயே போன் பண்ணு.

அப்பா