மூன்றடுக்குப் பிரமிடு எதற்கு?

ஐயா,

குடியரசு தினம், ஆண்டு விழா என்றால் வேலூர்ப் பள்ளிகளில் மனிதப் பிரமிடு இல்லாமல் இருப்பதில்லை. கைதட்டல் அதற்குத்தானே! சியர்லீடிங், அதாவது விளையாட்டு அணியை உற்சாகப்படுத்தக் குழுவாக ஆடிச் சாகசம் காட்டுவது, ஊறிப்போன அமெரிக்காவிலேயே உயர்நிலைப் பள்ளி அணிகள் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் பிரமிடு கட்ட விதி இடம் தருவதில்லை. இங்கே சிமெண்ட் தரையில் மூன்றாம் அடுக்குக்குப் பிள்ளையை ஏற்றுகிறார்கள். மேலே நிற்பவர் விழுவது மட்டுமல்ல, அடியில் தாங்குபவரின் மணிக்கட்டும் இடுப்பும் பாழாகும். அவரை யாரும் கவனிப்பதில்லை.

ஒத்திகைக்கு முன் உடலைத் தளர்த்தும் பயிற்சி, கீழே மெத்தை, விழுந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவர் பார்க்காமல் மறுபடி ஏற்றவே கூடாது. நம்மூர் வெயிலில் ஒத்திகையை விடியற்காலையில் வைத்தால் என்ன? மாவட்டக் கல்வி அலுவலகம் இரண்டடுக்கோடு நிறுத்தச் சுற்றறிக்கை அனுப்பட்டும்.

– ஒரு பெற்றோர், காட்பாடி