'சே' வந்தாலே 'தன்னைத்தானே' இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ஸ்பானிஷ் வினைச்சொல் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்ல முயற்சிதான், ஆனா வினைச்சொல்லோட 'சே' ஒட்டிக்கிட்டு வந்தாலே 'தன்னைத்தானே'ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, அதான் எழுத உக்காந்துட்டேன். 'லவார்சே'க்கு அது சரி, நம்ம 'கழுவிக்கிட்டான்' மாதிரி. ஆனா 'சே பூசோ ரோஹோ'ன்னா தன்னைத்தானே சிவப்பா வச்சுக்கிட்டான்னா அர்த்தம்? வெக்கத்துல மூஞ்சி செவந்துடுச்சு, அவ்ளோதான்.

நாம டாக்டர் ஆயிட்டான், டென்ஷன் ஆயிட்டான், லூசு ஆயிட்டான்னு எல்லாத்தையும் ஒரே 'ஆகு'வ வச்சு ஓட்டிடறோம். ஸ்பானிஷ்ல ஒவ்வொண்ணுக்கும் தனி வினைச்சொல்லு. கொஞ்ச நேரத்துல மாறிடற மூடு, உடம்பு, நெறம்னா 'போனெர்சே', மேல சொன்ன 'சே பூசோ' இதோட எறந்த காலம்தான். ஆளோட கொணமே திரும்பிடுச்சுன்னா 'வொல்வெர்சே', பைத்தியம் ஆகுறதுக்கு இதான். வக்கீல் ஆகுறது, பணக்காரன் ஆகுறது, மதம் மாறுறது எல்லாம் 'அசெர்சே'. இத 'முயற்சி பண்ணி ஆகுறது'ன்னு க்ளாஸ்ல சொல்லித் தருவாங்க, முழுசா நம்பாதீங்க, வயசாகுறதுக்கும் நேரமாச்சுங்கறதுக்கும் கூட இதேதான் வருது, அதுக்கெல்லாம் யாரு முயற்சி பண்றா?

எனக்குப் புடிச்சது 'கெதார்சே'. இதுக்கு 'தங்கிடறது'ன்னும் அர்த்தம் உண்டு, அதனால ஒண்ணு நடந்து முடிஞ்சு ஆளு அந்த நெலமையிலயே நின்னுட்டா இது வரும். ஓவியர் கோயாவுக்கு 1792-93ல பெரிய சீக்கு வந்து காது செவிடாப் போச்சு, அதுக்கு 'சே கெதோ சோர்தோ'. நம்ம 'போச்சு' இதுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கு பாருங்க! வழுக்கையாகுறது, விதவையாகுறது, அசந்து தூங்கிடறது எல்லாம் இதுலதான், ஸ்பெயின்ல கர்ப்பமாகுறதுக்கும் இதான் சொல்வாங்க.

நானும் மாட்டியிருக்கேன். காய்ச்சல்னு லீவு போட்டுட்டு மறுநாள் ஆன்லைன் டீச்சர்கிட்ட 'மே ஈசே லா என்ஃபெர்மா'ன்னு பெருமையா சொன்னேன், அவங்க சிரிச்சுக்கிட்டே "ஓ, அப்ப நடிச்சியா?"ன்னாங்க. 'மே ஈசே'ங்கறது அசெர்சேயோட 'நான்' வடிவம், அதுக்குப் பின்னாடி இங்கிலீஷ் 'the' மாதிரி வர்ற 'எல்', 'லா' போட்டு சொன்னா அந்த மாதிரி பாசாங்கு பண்றதுன்னு ஆயிடுமாம். போனெர்சேய வச்சு 'மே பூசே என்ஃபெர்மா'ன்னு சொல்லியிருக்கணும்.

ஒரு சின்ன திருத்தம் போட்டீங்கன்னா நல்லாருக்கும். அப்படியே போனெர்சேக்கு கீழ குடுத்திருந்த 'டாக்டர் ஆனாள்' உதாரணத்தையும் தூக்கிடுங்க, அது அசெர்சே வீட்டுப் புள்ள.

இப்படிக்கு,
ரெண்டு வருஷமா ஸ்பானிஷோட மல்லுக்கட்டற வாசகி