சயாமுக்குப் போனவர்களின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத் தூண்களில், இரண்டாம் உலகப் போரில் கல்லறை தெரியாமல் இறந்த 24,000க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்கள் உள்ளன. அவர்களில் பலர், ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகள். அதே பாதையில், அதே வாந்திபேதிக்குப் பலியான நம் தோட்டத் தொழிலாளர்களின் பெயர் அங்கே இல்லை. படையிடம் ஆள் பட்டியல் இருந்தது. மூன்று மாத வேலை என்று தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு முறையான இறப்புப் பதிவே கிடையாது. 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த கைதிகள் சுமார் 13,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ 80,000 முதல் 100,000 வரை என்கிறார்கள். அந்த இரு மதிப்பீடுகளுக்கும் உள்ள இடைவெளியே 20,000 உயிர். நினைக்கவே நெஞ்சு கனக்கிறது.

போருக்குப்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த குடும்பங்களில் இன்னும் சில பெயர்கள் மிச்சமிருக்கின்றன. 1943இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். ஆகவே பெரியவர்களிடம் கேட்பதுதான் முதல் வேலை.

பெயரைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் ஒரே ராமசாமி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாகிவிடுவார். தகப்பன் பெயர், கங்காணி பெயர், ஊர்ப்பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம்மவர் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று, இரண்டையும் குறியுங்கள். பழைய வரைபடத்தில் தேடுபவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

“எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. “ஜப்பான்காரன் வந்த பிறகு முதல் தீபாவளிக்கு வீட்டில் இருந்தாரா?” என்று கேளுங்கள். சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அதிலிருந்து பண்டிகைகளை எண்ணினால் காலம் பிடிபடும். புத்தகத்தில் படித்ததை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். அடுத்த தடவை அது அவர் நினைவாகவே வெளிவரும். கண்ணால் கண்டதா, கேள்விப்பட்டதா என்பதையும் தனியே குறிக்க வேண்டும். தோட்டத்தில் தங்கிவிட்ட பெண்களைப் பற்றியும் கேளுங்கள்: மரவள்ளிக்கிழங்கை வைத்துப் பிள்ளைகளை யார் வளர்த்தார், திரும்பி வராதவருக்கு எந்த நாளில் படையல் போட்டார்கள்? இதை யாரும் கேட்பதேயில்லை.

கைப்பேசியில் பதியும்போது மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, பேசுபவரிடமிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். முக்கால் மணி நேரம் போதும், அதற்குமேல் களைத்துவிடுவார்கள்.

படங்களில்தான் சேதம் அதிகம். நம் ஈரக்காற்றில் பழைய புகைப்படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுக்கப் போனால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், வெறும் தாள்தான் கையில் வரும். கண்ணாடியோடு அப்படியே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படமெடுங்கள். ஒட்டாத படம், கடிதம் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யலாம். பின்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. பின்னால் குறிப்பு எழுத மென்மையான பென்சில் போதும், பேனா வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானிய ஆட்சிக்கால வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. உங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயர் அவற்றில் வருகிறதா என்று பாருங்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ரயில்பாதையின் இருமுனைகளும் இணைந்த அக்டோபர் 17 அன்று, ஆண்டுதோறும் ஒரு பக்கம் ஒதுக்கி வாசகர்கள் அனுப்பும் பெயர்களை வெளியிடுங்கள். பெயர், தோட்டம், புறப்பட்ட காலம், தகவல் சொன்னவரின் உறவுமுறை. ஓர் ஆளுக்கு நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்